படகின் இழுவை வளையம் ஆடினால், துரு வழிந்தால், சுற்றிலும் விரிசல் விட்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஆள் உட்காரும் காற்றடைத்த டியூபையும், தண்ணீரில் சறுக்கும் ஸ்கீக்காரரையும் இழுக்கும் சிறு ஃபைபர் படகுகளில் எனக்குத் திரும்பத் திரும்ப வருவது ஒரே வேலைதான். ட்ரான்சம் என்று சொல்லும் பின்பலகையில் கயிறு மாட்டும் வளையம் ஆடுகிறது, இல்லையென்றால் அதைச் சுற்றி ஏதோ விரிசல் தெரிகிறது. வருகிறவர் பெரும்பாலும் இன்னும் தடியான வளையம் ஒன்றை வாங்கிக் கையோடு கொண்டு வந்து, "இதை மாட்டிக் கொடுங்க, போதும்" என்பார்.

வளையத்தில் கோளாறு இருப்பது அபூர்வம். கடல்தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்த எம்10 போல்ட் ஒன்றை நிரந்தரமாக நீட்டவே இரண்டரை டன்னுக்கு மேல் இழுக்க வேண்டும். அதற்கு வெகு முன்பே பின்பலகையின் ஃபைபருக்குள் இருக்கும் மரம் நசுங்கிவிடும். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும், முதலில் படகுக்குள் தலையை விட்டு நட் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். டார்ச்சும் சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியும் இருந்தால் போதும். கை எட்டவே வழியில்லாத படகு என்றால், 15 செ.மீ. அகலத்தில் மூடியோடு வரும் ஆய்வுத் துளை ஒன்றைப் பொருத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அந்தச் செலவைத் தவிர்க்க நினைத்தால் பிற்பாடு வேறு வழியில் அதைவிட அதிகம் செலவாகும்.

இரண்டு எச்சரிக்கைகள். பின்பலகைக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் பெட்ரோல் தொட்டி இருக்கும். துளி பெட்ரோல் வாசனை வந்தாலும் டிரில்லையோ வெப்பக்காற்றுத் துப்பாக்கியையோ தொடாதீர்கள். எல்லா மூடியையும் திறந்து காற்றோட்டம் விட்டு, வாசனை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த பிறகே அடுத்த வேலை. இரண்டாவது, சந்தேகமுள்ள வளையத்தில் யாரையும் இழுக்க வேண்டாம். இழுபட்டு விறைத்த கயிற்றோடு வளையம் பிடுங்கிக்கொண்டால், அது கயிறு போகும் திசையில் கவண்கல் மாதிரி பறக்கும். அந்தத் திசையில்தான் ஆள் இருப்பார்.

## கையால் பிடித்து ஆட்டினால் வளையம் ஆடுகிறது

நட் தளர்ந்திருக்கலாம். இதுதான் எளிமையான காரணம், செலவும் இல்லை. ஒருவர் வெளியே வளையத்தைத் திரும்பாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் உள்ளே ஸ்பேனரால் நட்டை மட்டும் திருப்புங்கள். கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்றில் இறுகி நின்றுவிட்டால் நல்லது. நட்டிலிருந்து வாஷர் வரைக்கும் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நாலைந்து முறை இழுத்த பிறகு பாருங்கள். கோடு விலகாமல் இருந்தால் வேலை முடிந்தது.

சாதா நட்டும் ஸ்பிரிங் வாஷரும் போட்டிருந்தால் அதைக் கழற்றி, நைலான் வளையம் வைத்த நைலாக் நட் போடுங்கள். பழைய நைலாக் நட்டை விரலாலேயே சுழற்ற முடிகிறதென்றால் அதன் நைலான் செத்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் நட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் வேகமாக முடுக்கினால் மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் ஆன்டி-சீஸ் பசையை ஒரு துளி தடவிக் கை ஸ்பேனரால் நிதானமாக முடுக்குங்கள். இம்பாக்ட் துப்பாக்கி இந்த வேலைக்கு வேண்டாம்.

ஒற்றைத் தண்டு கொண்ட வளையம் சுழல்கிறது என்றால் காரணம் வேறு. டியூப் பக்கவாட்டில் வீசி ஆடும்போது வளையத்தை அது திருகிக்கொண்டே இருக்கும். அதை எவ்வளவு இறுக்கினாலும் மறுபடி தளரும். இரண்டு கால் கொண்ட யூ-போல்ட்டுக்கு மாறுவதுதான் சரி.

நட் இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வளையம் அசைகிறது. அப்படியானால் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது, அல்லது உள்ளே மரம் போய்விட்டது. அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

## இறுக்க இறுக்க நட் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது

இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மிகத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதும் இதுதான்.

ஒருவர் தன் படகை ரொம்ப அக்கறையாக வைத்திருந்தார். ஒவ்வொரு பருவம் தொடங்கும்போதும் வளையத்தின் நட்டைக் கால் சுற்று இறுக்குவாராம். ஒவ்வொரு முறையும் இறுகியதாம். நான் கழற்றிப் பார்த்தபோது வாஷர் 5 மி.மீ. ஆழத்துக்குப் பலகைக்குள் அமுங்கியிருந்தது. அது கிடந்த குழியை விரல் நகத்தால் அழுத்தினேன். பழுப்புத் தண்ணீர் கசிந்து நகத்தோரம் நின்றது. அவர் வருஷா வருஷம் இறுக்கியது ஊறிப்போன பிளைவுட்டை.

போல்ட் துளை வழியாக நீர் இறங்குகிறது, இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவில் இருக்கும் பிளைவுட் ஊறுகிறது, வாஷர் அமுங்குகிறது, நீர் புகாமல் அடைக்கும் பசையான சீலண்ட் விட்டுப்போகிறது, இன்னும் நீர் இறங்குகிறது. எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை வைத்துத்தான் செலவு.

சோதனை ஒன்று: தட்டிப் பார்ப்பது. திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியாலோ சிறு சுத்தியலாலோ வளையத்திலிருந்து தொடங்கி வெளிப்புறமாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக்'கென்று கூர்மையாகக் கேட்கும். ஊறிய இடத்தில் ஈரத் தலையணையைக் குத்தியது போல 'மொத்'தென்று அடங்கும். சத்தம் மாறும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனால் ஈரத்தின் எல்லை வரைபடமாகவே கிடைத்துவிடும்.

சோதனை இரண்டு: துளைத்துப் பார்ப்பது. உட்புறத்திலிருந்து 4 மி.மீ. பிட்டால், சந்தேகமான இடத்தில் ஒன்று, எல்லைக்கு வெளியே ஒன்று. பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வெளித் தோலைத் துளைத்துவிடக் கூடாது. வரும் தூளை உள்ளங்கையில் பிடியுங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்த மரத்தூளாக உதிர்ந்தால் நல்ல மரம். கறுத்து, ஊறிய டீத்தூள் மாதிரி பிட்டிலேயே ஒட்டிக்கொண்டு புளித்த வாடை வந்தால் மரம் அழுகிவிட்டது. இந்தச் சோதனைத் துளைகளைப் பிறகு எபாக்சியால் அடைத்துவிட வேண்டும்.

இப்போது கிளை பிரியும்.

தூள் உலர்ந்திருக்கிறது, வாஷர் மட்டும் அமுங்கியிருக்கிறது. வாஷர் சிறியது, அவ்வளவுதான். சாதாரண எம்10 வாஷரின் வெளிவிட்டம் 20 மி.மீ. துளையைக் கழித்தால் மரத்தின் மேல் உட்காரும் பரப்பு சுமார் இரண்டேகால் சதுர செ.மீ. தான். 10க்கு 15 செ.மீ. தாங்கு தகடு போட்டால் அதே இழுப்பு சுமார் 150 சதுர செ.மீ. பரப்பில் பரவும். யூ-போல்ட்டின் இரண்டு வாஷரோடு ஒப்பிட்டால்கூட முப்பது மடங்குக்கு மேல். தகடு போடும் முறையைக் கீழே சொல்கிறேன்.

ஈரம் துளையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குள் இருக்கிறது. நீங்களே செய்யலாம். அடுத்த பகுதியில் உள்ள முறை இதற்குத்தான்.

உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருக்கிறது. உட்புற ஃபைபர் தோலைச் சதுரமாக வெட்டி எடுத்து, அழுகிய பிளைவுட்டைச் சுரண்டி, புதுப் பலகை வைத்து மேலே கண்ணாடியிழை போட வேண்டும். ஃபைபர் வேலை முன்பே செய்து பழகியவர்கள் செய்யலாம். முதல் தடவை என்றால் இதில் கற்றுக்கொள்ள வேண்டாம்.

மோட்டார் போல்ட்டுகள் வரை அல்லது பின்பலகையின் மூலைகள் வரை பரவியிருக்கிறது. படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள். அவுட்போர்டு மோட்டாரின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். மோட்டாரோடு பின்பலகையும் அசைந்தால் வளையத்தை மறந்துவிடுங்கள், முழுப் பின்பலகையையும் மாற்ற வேண்டிய வேலை அது. படகு கட்டுகிறவரைக் கூப்பிடுங்கள்.

### துளையை அகலப்படுத்தி, அடைத்து, மறுபடி துளைக்கும் முறை

வளையத்தைக் கழற்றி, பழைய சீலண்டைச் சுத்தமாகச் சுரண்டுங்கள். அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். முன்னால் யாராவது சிலிக்கான் போட்டிருந்தால் அதன் படலம் முழுக்கப் போகும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சிலிக்கான் மிச்சம் இருக்கும் இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது.

10 மி.மீ. போல்ட் என்றால் துளையை உட்புறத்திலிருந்து 18 அல்லது 20 மி.மீ. வரை அகலப்படுத்துங்கள். உள் தோலும் மரமும் மட்டும், வெளித் தோலைத் தொட வேண்டாம். அப்புறம் ஓர் ஆணியை 'ட' மாதிரி வளைத்து டிரில்லில் பொருத்தி, துளைக்குள் விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். இரண்டு தோல்களுக்கு நடுவில் ஊறிய மரம் மட்டும் உதிர்ந்து வரும். கெட்டியான மரம் ஆணியைத் தடுக்கும்போது நிறுத்துங்கள்.

காய வைக்க அவசரப்படக் கூடாது. வெதுவெதுப்பான காற்றோ மஞ்சள் விளக்கின் சூடோ கொடுத்து நாள்கணக்கில் விடுங்கள். அசிட்டோன் ஊற்றினால் உடனே காய்ந்துவிடும் என்பார்கள். மரத்துக்குள் இருக்கும் நீரை அது இழுத்துக்கொண்டு வராது, தீப்பிடிக்கும் ஆவியை உள்ளே அடைத்து வைப்பதுதான் மிச்சம்.

காய்ந்ததும் வெளிப்பக்கத் துளையை டேப் போட்டு மூடுங்கள். எபாக்சியையும் ஹார்ட்னரையும் டப்பாவில் சொன்ன அளவிலேயே கலக்குங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் அது கடைசிவரை சரியாக இறுகாது. முதலில் ஃபில்லர் தூள் சேர்க்காமல், அந்தக் கலவையை அப்படியே பிரஷ்ஷால் மரத்துக்குள் தடவுங்கள், மரம் அதைக் குடிக்கும். குடிப்பது நின்றதும், அடர்த்தியான ஃபில்லர் தூள் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்குக் கொண்டுவந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் அடியிலிருந்து நிரப்புங்கள். மேலிருந்து அடைத்தால் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்ளும். குழி பெரியது என்றால் இரண்டு தவணையாக நிரப்புங்கள். ஒரே தடவையில் நிறைய ஊற்றினால் எபாக்சி தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும்.

குறைந்தது ஒரு நாள் விட்டு, மேலே பிசுபிசுப்பு இருந்தால் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு அந்தக் கட்டியின் நடுவில் போல்ட் அளவுக்குத் துளை போடுங்கள். இனி போல்ட்டைச் சுற்றி எபாக்சிதான் இருக்கும். சீலண்ட் விட்டுப்போனாலும் நீர் மரத்தைத் தொடாது.

### தாங்கு தகடு

6 மி.மீ. அலுமினியம், 4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அல்லது ஜி10 என்று விற்கும் கண்ணாடியிழை எபாக்சிப் பலகை 8 முதல் 10 மி.மீ. இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது ஜி10. துருவும் கிடையாது, அரிப்பும் கிடையாது. ஈரமான இடத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டோடு சேர்ந்த அலுமினியம் அரிக்கும். அலுமினியம்தான் கையில் இருக்கிறது என்றால் பெயின்ட் அடித்துப் பொருத்துங்கள். மூலைகளைக் கட்டாயம் உருட்டிவிடுங்கள். கூர் மூலை தன் பங்குக்கு ஃபைபரைக் கீறி இன்னொரு விரிசலைத் தொடங்கி வைக்கும்.

உட்புறம் ஒருபோதும் சமமாக இருக்காது. தகட்டை அப்படியே வைத்து முடுக்கினால் இரண்டு மேட்டில் மட்டும் உட்காரும், மிச்ச இடத்தில் காற்று. பின்னால் கெட்டியான எபாக்சிப் பசை தடவி, நட்டைக் கையால் மட்டும் முடுக்கி, ஓரமெல்லாம் பசை பிதுங்கியதும் விட்டுவிடுங்கள். இறுகிய பிறகுதான் முழு முடுக்கு. போல்ட்டும் எபாக்சியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மரையில் மெழுகு தடவி வைக்க மறக்காதீர்கள்.

வெளிப்பக்கம் துளையின் வாயைச் சற்றே சரிவாகக் குடையுங்கள். அந்தக் குழியில் நிற்கும் சீலண்ட்தான் போல்ட்டைச் சுற்றி ஓ-ரிங் போல வேலை செய்யும். பாலியூரித்தேன், பாலிசல்ஃபைடு, பியூட்டைல் டேப் மூன்றும் நீர்க்கோட்டுக்கு மேலே நன்றாக நிற்கும். நிரந்தரப் பசை வகைப் பாலியூரித்தேனைப் போட்டால் அடுத்த முறை வளையத்தோடு ஜெல்கோட் எனும் பளபளப்பான மேல்பூச்சும் பெயர்ந்து வரும், அதனால் கழற்றக்கூடிய வகையையே கேட்டு வாங்குங்கள். முடுக்கும்போது நட்டை மட்டும் திருப்புங்கள். வளையம் சுழன்றால் சீலண்ட் கிழிந்துவிடும்.

## வளையத்தைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல்

போல்ட்டிலிருந்து கதிர் கதிராக விரிசல் ஓடினால் பலகை அந்த இடத்தில் வளைந்து வளைந்து நிமிர்கிறது என்று பொருள். ஜெல்கோட்டை மட்டும் பூசி மறைக்காதீர்கள், அடுத்த பருவத்தில் அதே இடத்தில் திரும்ப வரும்.

முதலில் ஆழம் பாருங்கள். விரிசல் மேல் மார்க்கர் மையைத் தடவித் துடைத்தால் கோடு தெளிவாகத் தெரியும். கோட்டை உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ஜெல்கோட் போனதும் கோடு மறைந்தால் மேலோட்டமானது. கீழே கண்ணாடியிழையிலும் தொடர்ந்தால் ஆழமானது.

அப்புறம் அசைவு. வண்டியில் ஏற்றிய படகில், கயிற்றை மாட்டி ஒருவர் தன் முழு எடையோடு பின்னுக்குச் சாயட்டும். நீங்கள் உள்ளே இருந்து, இரும்பு ஸ்கேல் ஒன்றைத் தாங்கு தகட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, அதற்கும் பலகைக்கும் இடையில் விரல் நுனியை வையுங்கள். ஓர் ஆளின் எடைக்கே விரலில் அசைவு தட்டுப்பட்டால், நாலு பேர் உட்கார்ந்த டியூபுக்கு அது எவ்வளவு வளையும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மேலோட்டம், அசைவில்லை: கோட்டை 'வி' வடிவில் குடைந்து ஜெல்கோட் பேஸ்ட்டால் அடைக்கலாம். மேலோட்டம், ஆனால் அசைகிறது: பெரிய தாங்கு தகடு போட்ட பிறகு அடையுங்கள். இழை வரை போயிருக்கிறது, அல்லது விரிசல் கையகலத்தைத் தாண்டிவிட்டது: ஃபைபர் வேலைக்காரரிடம் கொடுங்கள்.

இப்படி வருகிற படகுகளில் நான் கேட்கும் முதல் கேள்வி, "வேறு படகை இழுத்தீர்களா?" என்பதுதான். பழுதாகி நின்ற படகை ஸ்கீ வளையத்தில் கட்டிக் கரை சேர்த்திருப்பார்கள். நல்ல மனசோடு செய்த உதவிதான், ஆனால் அந்த ஒற்றை வளையம் அதற்கானது அல்ல. பின்பலகையின் இரு ஓரங்களிலும் கீழே உள்ள வளையங்களில் 'ஒய்' வடிவக் கயிறு கட்டி, மெதுவாக இழுக்க வேண்டும். அந்த வளையங்களுக்கும் உள்ளே தகடு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

## வளையத்திலிருந்து பழுப்புக் கோடு வழிகிறது

மேல்துரு என்றால் ஆக்சாலிக் அமிலம் கலந்த துரு நீக்கியால் துடைத்தால் போய்விடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி வழிந்தால் துரு உள்ளேயிருந்து வருகிறது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் காற்று வேண்டும். கிழிந்த சீலண்டுக்குள் காற்றுப் படாமல் நீர் தேங்கி நின்றால் போல்ட்டை இடுக்கில் அரிக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் வளையத்தின் போல்ட், பலகைக்கு நடுவில் பென்சில் கூர் போல மெலிந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு போல்ட்டைக் கழற்றி, பலகைக்குள் இருந்த பகுதியை நகத்தால் வருடுங்கள். குழி தட்டுப்பட்டாலோ கழுத்து மெலிந்திருந்தாலோ எல்லாவற்றையும் மாற்றுங்கள், 316 என்ற கடல்தர ரகத்தில். மெருகேற்றித் திரும்பப் போட வேண்டாம். காந்தம் வைத்துப் பார்ப்பது பாதிச் சோதனைதான். நல்ல ஸ்டெயின்லெஸ்கூட வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும். பலமாகக் கவ்வினால் மட்டும் அது தவறான ரகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கழற்றும்போது போல்ட் முறிந்து பாதி உள்ளே நின்றுவிட்டால், சுற்றிலும் பலகையைக் குதறாமல் ஆள் கூப்பிடுங்கள்.

## வளையம் தேய்ந்திருக்கிறது, வளைந்திருக்கிறது

கொக்கி உரசிய இடத்தில் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால், அதாவது 10 மி.மீ. கம்பி 9 மி.மீ. ஆகியிருந்தால், மாற்றுங்கள். வளைந்ததை நிமிர்த்திப் போடாதீர்கள்.

## அலுமினியப் படகில் வளையத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி

ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியம் கரைந்து பொடியாகும். லேசாக இருந்தால் கழற்றித் தேய்த்து, போல்ட்டுக்கு நைலான் உறையும், இடையில் தடுப்புப் பசையும் போட்டுத் திரும்பப் பொருத்துங்கள். தகடு குழி விழுந்து மெலிந்திருந்தாலோ வெல்டிங் ஓரத்தில் விரிசல் தெரிந்தாலோ அலுமினியம் வெல்டு செய்யத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும்.

## கயிறு ஒரே இடத்தில் நைந்து போகிறது

வளையத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடையுங்கள். இழை சிக்கும் இடத்தில் பிசிறு இருக்கிறது. நுண்ணிய உப்புத்தாளால் எடுத்துவிடுங்கள். 'ஒய்' கயிறு மோட்டார் உறையில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

கயிறே போதாமல் இருக்கலாம். டியூப் கயிறுக்கு நீர் விளையாட்டுத் தொழில் அமைப்பான டபிள்யூ.எஸ்.ஐ.ஏ. சொல்லும் குறைந்தபட்ச அறுபடு வலிமை ஒருவருக்கு 1,500 பவுண்டு, இருவருக்கு 2,375, நால்வருக்கு 4,100. கிலோவில் சுமார் 680, 1,080, 1,860. ஸ்கீ கயிற்றில் டியூப் இழுக்காதீர்கள்.

## பைலனோ டவரோ ஆடுகிறது

பைலன் என்பது படகின் தரையில் நிற்கும் இழுவைத் தூண், டவர் என்பது படகுக்கு மேலே எழும் குழாய்ச் சட்டம். அடித்தளப் போல்ட்டுகளை இறுக்குங்கள், மடிப்பு மூட்டில் உள்ள பிளாஸ்டிக் புஷ் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். பைலனின் அடித்தளம் தரையோடு சேர்ந்து தூக்கிக்கொடுத்தாலோ டவர் குழாயின் வெல்டிங்கில் முடி போல ஒரு கோடு தெரிந்தாலோ இழுப்பதை அன்றே நிறுத்தி, படகு கட்டுகிறவரைக் கூப்பிடுங்கள். டவரில் டியூப் கட்டவே கூடாது. ஸ்கீயர் கயிற்றை விட்டுவிடலாம், டியூப் விடாது. அலையில் முங்கிவிட்டால் முழு இழுப்பும் உயரத்தில் விழுந்து டவரையே சாய்க்கும்.

## வேலை முடிந்த பிறகு முதல் இழுவை

சீலண்டும் எபாக்சியும் முழுதாக இறுகும்வரை காத்திருங்கள். முதல் நாள் ஒரே ஒருவர், சிறிய டியூப், சுருக்கென்ற திருப்பங்கள் இல்லாமல். கயிறு தொய்ந்து கிடக்கையில் வேகத்தைக் கூட்டாதீர்கள், அது விறைக்கும் நொடியில் விழும் உதறல்தான் வளையத்துக்குப் பெரிய அடி. கரைக்கு வந்ததும் உள்ளே பாருங்கள்: பெயின்ட் கோடு விலகியிருக்கிறதா, தகட்டைச் சுற்றி முடிக்கோடு ஏதும் விழுந்திருக்கிறதா. பிறகு குழாயால் வெளிப்பக்கம் தண்ணீர் அடித்துவிட்டு, உள்ளே நட்டுக்குக் கீழே உலர்ந்த டிஷ்யூ காகிதத்தை ஒட்டி வையுங்கள். பத்து நிமிடம் கழித்தும் காகிதம் உலர்ந்தே இருந்தால், அடுத்த முறை ஆள் எண்ணிக்கையைக் கூட்டலாம்.